ஓவர்க்ளாக் செய்யலாமா? நெல்லை வெயிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துப் பதினேழு வருஷம் ஆகிறது. கல்லூரிப் பையன்கள், கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள், ராத்திரி முழுக்க கேம் விளையாடுகிறவர்கள் என்று யார் வந்தாலும் அதே பத்துப் பதினைந்து சந்தேகம்தான். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. மேலிருந்து வரிசையாகப் படியுங்கள், முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

அண்ணாச்சி, ஓவர்க்ளாக் ஓவர்க்ளாக்னு சொல்லுதாங்களே, அப்படின்னா என்னது?

ப்ராசசர் ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. இன்றைய மெஷின்களில் அடிப்படைத் தாளம் 100 மெகாஹெர்ட்ஸ். அதை ப்ராசசர் ஒரு எண்ணால் பெருக்கிக்கொள்ளும். 100ஐ 45ஆல் பெருக்கினால் 4500, அதாவது 4.5 கிகாஹெர்ட்ஸ். பயாஸுக்குள் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடுகிற, மதர்போர்டிலேயே இருக்கிற புரோகிராம்) போய் அந்த 45ஐ 46, 47 என்று நாம் ஏற்றுவதுதான் ஓவர்க்ளாக். கம்பெனி உறுதி கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுகிறோம், அவ்வளவுதான்.

1998இல் இன்டெல் செலரான் 300ஏ என்று ஒன்று வந்தது. அதன் பெருக்கு எண் நாலரை, மாற்ற முடியாது. ஆனால் அடிப்படைத் தாளத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் ப்ராசசர் 450இல் ஓடும். நிறையப் பேருக்கு ஓடவும் செய்தது. காசில்லாமல் ஒன்றரை மடங்கு! அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் இன்றைக்கும் பலர் ஆசையோடு கடைக்கு வருகிறார்கள்.

என் மெஷின்ல செய்ய முடியுமா முடியாதான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

இன்டெல் என்றால் ப்ராசசர் பெயரின் கடைசியில் ‘கே’ இருக்க வேண்டும், மதர்போர்டு ‘இசட்’ வரிசையாக இருக்க வேண்டும். இசட்690, இசட்790 மாதிரி. பி760 போர்டில் ரேம் வேகத்தை ஏற்றலாம், ப்ராசசர் பெருக்கு எண்ணைத் தொட முடியாது. ஏஎம்டி ரைசன் கொஞ்சம் தாராளம். டெஸ்க்டாப் ரைசன் பெரும்பாலும் பெருக்கு எண்ணைப் பூட்டாமல் திறந்தே வரும், போர்டு பி அல்லது எக்ஸ் வரிசையாக இருந்தால் போதும். ஏ320, ஏ520, ஏ620 போர்டுகளில் முடியாது. எக்ஸ்3டி என்று முடிகிற, கூடுதல் கேஷ் நினைவகம் அடுக்கிய ரைசன் ப்ராசசர்கள் தனி ஜாதி. 5800எக்ஸ்3டியும் 7800எக்ஸ்3டியும் பூட்டித்தான் வந்தன, 9800எக்ஸ்3டியில்தான் திறந்துவிட்டார்கள்.

லேப்டாப்பா? வேண்டாம். அதற்குள் இருக்கிற விசிறி, உள்ளபடி வருகிற சூட்டுக்கே திணறிக்கொண்டிருக்கிறது.

செஞ்சா எவ்வளவு வேகம் கூடும்? கேம் டபுளா ஓடுமா?

ஓடாது. இப்போது வருகிற ப்ராசசர்கள் சூடும் கரண்டும் இடம் கொடுக்கிற வரை தாங்களாகவே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன. நாம் கைவைத்துக் கூட்டக்கூடியது பெரும்பாலும் நூற்றுக்கு மூன்று, நாலு, ஐந்துதான். 2011இல் வந்த ஐ7-2600கே மாதிரி பழையவற்றில் மிச்சம் நிறைய உண்டு. 3.8 வரை போகிறதை 4.4க்குக் கொண்டுபோனால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். கேமில் உங்கள் கிராபிக்ஸ் கார்டு ஏற்கெனவே நூறு சதவீதம் ஓடுகிறதென்றால், ப்ராசசரை எவ்வளவு ஏற்றினாலும் ஒரு ஃப்ரேம்கூட கூடாது. முதலில் அதைப் பாருங்கள்.

யூடியூப்ல ஒருத்தரு இதே ப்ராசசர், இதே கூலர் போட்டு 75 டிகிரிதான் காட்டுதாரு. எனக்கு மட்டும் ஏன் 90?

கடையில் அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான். இதற்கு விடை கேபினெட்டுக்குள் இல்லை, உங்கள் அறையில் இருக்கிறது. காற்றாலோ தண்ணீராலோ ஓடுகிற எந்தக் கூலரும் ப்ராசசரை அறையைவிடக் குளிர்ச்சியாக்க முடியாது. அறைச் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி என்பதுதான் அதன் கணக்கு. காணொளிக்காரர் அறை 22 டிகிரி, ப்ராசசர் 75 டிகிரி என்றால் அவர் கூலர் 53 டிகிரி வித்தியாசத்தில் நிறுத்துகிறது. உங்கள் அறை 37 டிகிரி. அதோடு 53ஐக் கூட்டுங்கள். 90. உங்கள் கூலரில் ஒரு குறையும் இல்லை.

பாளையங்கோட்டையில் அக்னி நட்சத்திரத்தில் 38, 39 டிகிரி சர்வசாதாரணம். அது வெளியே, நிழலில். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் நிலைமை வேறு. பகல் முழுக்க வெயில் குடித்த கான்கிரீட், ராத்திரி பத்து மணிக்குத்தான் சூட்டை உள்ளே கக்கும். மகாராஜநகரில் ஒரு பையன் வீட்டுக்குப் போயிருந்தேன். மத்தியானத்தைவிட ராத்திரிதான் மெஷின் அதிகம் நின்றுபோகிறது என்றான், பேய் வேலை என்கிற மாதிரி. சுவரில் தெர்மாமீட்டரை மாட்டிப் பார்த்தோம். மத்தியானம் 36, ராத்திரி ஒன்பதரைக்கு 38. ஜன்னல் இரண்டும் கொசுவுக்குப் பயந்து சாத்திக் கிடந்தது.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். அடுத்தவன் போட்ட எண்ணைக் காப்பியடிக்காதீர்கள். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி மெஷின் பக்கத்தில் வையுங்கள். மார்கழியில் நிலைத்து நின்ற வேகம் சித்திரையில் நிற்குமா என்று அந்தக் கூட்டல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரே மாடல் ப்ராசசரிலும் ஒன்று நல்லதாக வாய்க்கும், ஒன்று சுமாராக வாய்க்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊரில் அதைவிட அறைச் சூடுதான் பெரிய விஷயம்.

வோல்டேஜ் கொஞ்சம்தான கூட்டுனேன், இவ்வளவு சூடு எப்படி வருது?

வேகத்தை ஏற்றினால், ப்ராசசர் நிலைத்து நிற்கச் சில சமயம் வோல்டேஜையும் கூட்ட வேண்டியிருக்கும். ப்ராசசர் தின்கிற வாட் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு வர்க்கமாக ஏறும். வேகத்தைப் பத்து சதவீதமும் வோல்டேஜைப் பத்து சதவீதமும் கூட்டினால் 1.1ஐ மூன்று முறை பெருக்குங்கள். 1.33 வரும். 120 வாட் 160 ஆகிவிடுகிறது. வேகம் பத்து, சூடு முப்பத்து மூன்று. அதனால்தான் கடைசி 100 மெகாஹெர்ட்ஸுக்காக வோல்டேஜை ஏற்றுவது எப்போதும் நஷ்டக் கணக்கு.

எத்தனை டிகிரி வரைக்கும் போலாம்?

ஒவ்வொன்றுக்கும் கம்பெனியே ஒரு எல்லை வைத்திருக்கிறது. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை கே வரிசைக்கு 100, ரைசன் 7000க்கு (எக்ஸ்3டி தவிர) 95, ரைசன் 5 5600க்கு 90. அந்த எண்ணைத் தொட்டால் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உடனே எரிந்துபோகாது. ஆனால் வேகம் கூட்டுவதற்காகச் சூடாக்கி, சூட்டினால் வேகம் குறைகிறதென்றால் நாம் செய்த வேலைக்கு என்ன அர்த்தம்?

நான் வைத்திருக்கிற கோடு: மே மாத மத்தியானம், ஏசி இல்லாமல், ப்ராசசரை முழு லோடில் ஓட்டுகிற சோதனையில் 85. உங்கள் எல்லை 90 என்றால் 80. இதை மழைக்காலத்தில் சோதிக்கிறவர்கள் அன்றைய அறைச் சூட்டைக் குறித்துக்கொண்டு, 38க்கு எத்தனை குறைகிறதோ அதைக் கூட்டிப் பாருங்கள்.

பெரிய கூலர் வாங்கணுமா, இருக்கதை வச்சு ஓட்டிரலாமா?

பெட்டியோடு வந்த கூலரில் ஓவர்க்ளாக் வேண்டாம். இரட்டைக் கோபுர ஏர் கூலர் ஒன்று போதும். தண்ணீர்க் கூலரில் பம்ப் போனால் மொத்தமாகப் போச்சு, ஏர் கூலரில் விசிறி போனால் விசிறி மட்டும் மாற்றலாம். இது என் கருத்து, சண்டைக்கு வராதீர்கள்.

வாங்குவதற்கு முன்னால் இருக்கிறதைத் திறந்து பாருங்கள். மேலப்பாளையத்திலிருந்து ஒரு மெஷின் வந்தது. இரண்டு வருஷம் ஒழுங்காக 4.2இல் ஓடிய மெஷின், திடீரென்று பத்து நிமிஷத்தில் ஆஃப் ஆகிறது. கூலர் விசிறியைக் கழற்றினேன். அலுமினியத் தகடுகளே தெரியவில்லை, நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளி மாதிரி அடைத்துக் கிடந்தது. விரலால் உருட்டினால் புகையிலை நெடி. அதே அறையில்தான் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். பிரஷ்ஷும் புளோயரும் போட்டுச் சுத்தம் செய்து, ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவில் பூசுகிற தெர்மல் பேஸ்டை மாற்றிக் கொடுத்தேன். சூடு 22 டிகிரி இறங்கியது. திசையன்விளைப் பக்கம் தேரி மணல், உவரி, இடிந்தகரைப் பக்கம் உப்புக் காற்று என்று ஊருக்கு ஊர் ஒரு வில்லங்கம் உண்டு.

இன்னொன்று, கேபினெட்டைப் பாயின் மேல் வைக்காதீர்கள். நிறைய கேபினெட்டில் எஸ்எம்பிஎஸ் (மெஷினுக்குக் கரண்டு கொடுக்கிற பெட்டி) அடியிலிருந்துதான் காற்றை இழுக்கிறது. பத்தமடைப் பாயானாலும் அதற்கு மூச்சுமுட்டல்தான். தெர்மல் பேஸ்டுக்குப் பதில் பல் தேய்க்கிற பேஸ்ட் போட்ட கேஸ் இதுவரை மூன்று வந்திருக்கிறது. சில நாளில் காய்ந்து சுண்ணாம்பு ஆகிவிடும்.

கேபினெட்டைத் தொட்டா சுர்ருனு அடிக்கு. அதுக்கும் ஓவர்க்ளாக்குக்கும் சம்பந்தம் உண்டா?

அது எர்த் இல்லாத பிளக். எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கிற வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் எர்த் கம்பி வழியாகக் கசிவை அனுப்பப் பார்க்கும். எர்த் இல்லையென்றால் அந்தக் கசிவு கேபினெட் உடம்பில் நிற்கும், டெஸ்டரை வைத்தால் மினுக்கென்று எரியும். ஓவர்க்ளாக்கை விடுங்கள், முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

சம்பந்தம் எங்கே வருகிறதென்றால் எஸ்எம்பிஎஸ்ஸில். கேபினெட்டோடு இலவசமாக வந்த 450 வாட் பெட்டியை நம்பி ஓவர்க்ளாக் செய்யாதீர்கள். அப்புறம் யுபிஎஸ். 600 விஏ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். வோல்டேஜ் கேள்வியில் பார்த்த மாதிரி வாட் ஏறிவிட்டால், கரண்டு போகிற நொடியில் யுபிஎஸ்ஸும் சேர்ந்து கையை விரித்துவிடும்.

சரி, எப்படித்தான் செய்ய? ஒண்ணொண்ணா சொல்லுங்க.

முதலில் எதையும் மாற்றாமல் ஒரு நாள் ஓட்டுங்கள். வேகம் அளக்கிற சினிபெஞ்ச் புரோகிராமில் மதிப்பெண், ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற புரோகிராம் காட்டுகிற சூடு, வோல்டேஜ், அப்புறம் அறைச் சூடு, நாலையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால் யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று பேப்பரில் போட்டிருக்கிற நாளில் செய்யவே செய்யாதீர்கள். பாதியில் கரண்டு போனால் போர்டு செங்கல்.

அப்புறம் பெருக்கு எண்ணை ஒன்று மட்டும் ஏற்றுங்கள். வோல்டேஜைத் தொடாதீர்கள். பத்து நிமிஷம் சோதனை. நிலைத்து நின்றால் இன்னொன்று. எந்த எண்ணில் ஹேங் ஆகிறதோ, புளூ ஸ்க்ரீன் வருகிறதோ, அங்கே வோல்டேஜை 0.01, 0.02 என்று மட்டும் கூட்டுங்கள். ‘ஆட்டோ’வில் விட்டால் சில போர்டுகள் தேவைக்கு மேல் வாரி இறைக்கும், கவனம். சூடு உங்கள் கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, ஒரு படி கீழே இறங்குங்கள். அந்த ஒரு படிதான் சித்திரைக்கான சேமிப்பு. பிறகு பிரைம்95 அல்லது ஓசிசிடி என்ற சோதனைப் புரோகிராமில் நாலைந்து மணி நேரம்.

லோடு லைன் என்று பயாஸில் ஒன்று இருக்கும். பக்கத்து வயலில் மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு மங்குமே, அதே மாதிரி ப்ராசசருக்கு வேலை வந்ததும் வோல்டேஜ் கொஞ்சம் சரியும். அதைத் தூக்கிப் பிடிப்பது இந்த அமைப்பு. நடுவில் வையுங்கள். உச்சத்தில் வைத்தால் வேலை முடிந்த நொடியில் வோல்டேஜ் எகிறிக் குதிக்கும்.

கூட்டிட்டேன், இப்ப டிஸ்பிளேயே வரல. போச்சா?

போகவில்லை. பிளக்கைப் பிடுங்குங்கள், பவர் பட்டனை ஒரு தடவை அமுக்கிப் பிடித்து மிச்ச கரண்டை வடியவிடுங்கள். போர்டில் இருக்கிற காசு மாதிரி வட்டமான பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிஷம் கழித்து மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். டிடிஆர்5 ரேம் என்றால் அதற்குப் பிறகு முதல் தடவை கறுப்புத் திரையோடு சில நிமிஷம் நிற்கும். ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது. பதறிப்போய் ஆஃப் செய்யாதீர்கள்.

எக்ஸ்எம்பி மட்டும் ஆன் பண்ணுனா அதுவும் ஓவர்க்ளாக்கா?

ஆமாம், ரேம் ஓவர்க்ளாக். 3200 என்று எழுதின டிடிஆர்4 ரேம் பல சமயம் 2133இலோ 2666இலோதான் ஓடிக்கொண்டிருக்கும். காசு கொடுத்த வேகம் வேண்டுமென்றால் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். ஏஎம்டியில் டிடிஆர்5 ரேமுக்கு அதன் பெயர் எக்ஸ்போ. பெரும்பாலும் பயமில்லை. ஆனால் 2023இல் ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில சாக்கெட்டோடு கருகின. எக்ஸ்போவை ஆன் செய்ததும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசசருக்குள் ரேமைக் கவனிக்கிற பகுதிக்குப் போவது) அளவுக்கு மேல் ஏற்றியிருந்தன. அதற்குப் பிறகு ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டோடு நிறுத்தியது. அந்த வரிசை வைத்திருந்தால் பழைய பயாஸில் ஓட்டாதீர்கள்.

ப்ராசசர் சோதனையும் ரேம் சோதனையும் ஒரே நாளில் வேண்டாம். எது தப்பு என்று கண்டுபிடிக்க முடியாது.

ராத்திரி முழுக்க டெஸ்ட் பாஸ். மறுநாள் சும்மா படம் பாக்கும்போது ஹேங். இது எப்படி?

பலரும் இடறுகிற இடம் இது. முழு லோடில் எல்லாக் கோரும் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்கிற பகுதிகள்) ஒரு நிதான வேகத்தில், நிலையான வோல்டேஜில் ஓடும். சும்மா இருக்கும்போதுதான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும், இறங்கும், மறுபடி தாவும். அந்தத் தாவலுக்கு வோல்டேஜ் பற்றாவிட்டால் ஹேங். வோல்டேஜைக் கழித்தல் குறியில் வைத்தவர்களுக்கு, அதாவது கம்பெனி அளவுக்குக் கீழே குறைத்தவர்களுக்கு, இது அதிகம் வரும்.

விண்டோஸின் ஈவன்ட் வியூயரைத் திறந்து ‘வியா லாகர்’ (WHEA-Logger) என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அதன் ஈவன்ட் ஐடி எண் 19 என்றால் பிழை வந்து சமாளித்துவிட்டது, 18 என்றால் சமாளிக்க முடியவில்லை. 19 ஒன்று கண்ணில் பட்டாலே அந்த அமைப்பு நிலையானதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வியா எதுவும் இல்லாமல் ஹேங் என்றால் ரேமைச் சந்தேகப்படுங்கள், மெம்டெஸ்ட் ஒரு ராத்திரி ஓட்டுங்கள்.

நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணுதேன். ரெண்டர் சீக்கிரம் முடியணும். செய்யலாமா?

உங்களுக்கு மட்டும் என் பதில் வேறு. கேம் விளையாடுகிறவனுக்கு ஹேங் ஆனால் கேம்தான் போகும். உங்களுக்கு, ஹேங் ஆகாமலேயே ஃபைல் கெடலாம். போன வைகாசியில் ஒருவர் வந்தார். ரெண்டர் ‘முடிந்தது’ என்று காட்டியிருக்கிறது. பென்டிரைவில் போட்டுக் கொடுத்தும் விட்டார். தாலி கட்டுகிற இடத்தில் நாலு நொடி பச்சைக் கட்டம் கட்டமாக வருகிறது. ஒரிஜினல் இருந்ததால் பிழைத்தார். மெஷினைப் பார்த்தேன், ஈவன்ட் வியூயரில் 19 வரிசையாக நின்றது.

முகூர்த்த மாதங்களில் கம்பெனி வேகத்திலேயே ஓட்டுங்கள். வேகம் வேண்டுமென்றால் அந்தக் காசை கிராபிக்ஸ் கார்டிலோ ரேமிலோ போடுங்கள்.

14ஆம் தலைமுறை ஐ9 வச்சிருக்கேன். எதுவும் கூட்டலை, அப்பவும் கிராஷ் ஆகுது. ஏன்?

இது ஓவர்க்ளாக் பிரச்சினையே இல்லை. 13, 14ஆம் தலைமுறை இன்டெல் டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சில, தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தங்களைத் தாங்களே கெடுத்துக்கொண்டன. அதைச் சரிசெய்ய, புது பயாஸோடு சேர்ந்து வருகிற ப்ராசசர் திருத்தமாக (மைக்ரோகோடு) 2024 ஆகஸ்டில் 0எக்ஸ்129உம், செப்டம்பரில் 0எக்ஸ்12பியும் வந்தன. கூடவே வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். புது பயாஸ் இனிமேல் கெடாமல் காக்கும். ஏற்கெனவே கெட்டதைத் திருப்பாது. கிராஷ் நிற்கவில்லையென்றால் வாரண்டியில் மாற்றுங்கள்.

வாரண்டி, ஆயுசு, கரண்டு பில்லு?

வாரண்டி: ஓவர்க்ளாக்கால் வந்த சேதத்தை இன்டெல்லும் ஏஎம்டியும் ஏற்காது. ஆயுள் குறையும், எவ்வளவு என்பது வோல்டேஜையும் சூட்டையும் பொறுத்தது. போன வருஷம் ஹேங் ஆகாமல் ஓடிய அமைப்பு இந்த வருஷம் ஓடவில்லை என்றால் தேய்மானம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பில்: கூடுதலாக 40 வாட், தினம் ஐந்து மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். பயப்பட ஒன்றுமில்லை, ஸ்லாப் விளிம்பில் இருக்கிற வீட்டைத் தவிர.

செகண்ட் ஹேண்ட் போர்டு மலிவா வருது, வாங்கி ஓவர்க்ளாக் பண்ணலாம்லா?

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நான் பழைய போர்டு எதையும் லென்ஸ் வைத்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. ரேம் சாக்கெட் மூலையில், ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தாலோ, இடுக்கில் வண்டல் கோடு இருந்தாலோ, சாதாரணமாக ஓட்டவே யோசிக்க வேண்டும். ஓவர்க்ளாக் பேச்சே வேண்டாம்.

எங்க வீடு குத்தாலம் பக்கம். சீசன்ல சில்லுனுதான இருக்கு, அப்ப கூட்டிக்கிடலாமா?

தாராளமாக. அறை 26 டிகிரி என்றால் மேலே போட்ட கணக்கு உங்களுக்குச் சாதகம். சாரல் அடிக்கிற ஜன்னலோரம் மட்டும் வைக்காதீர்கள். ஐஸ் டப்பா, ஃபிரிட்ஜ் யோசனைகளை விட்டுவிடுங்கள். அறையைவிடக் குளிர்ந்த பொருளில்தான் வேர்க்கும், அந்த வேர்வை போர்டில் விழும். தண்ணீர்க் குழாய் லூப்பில் தாமிரபரணித் தண்ணீர் ஊற்றலாமா என்று ஒரு தம்பி கேட்டான். குடிக்க நல்லது. லூப்புக்கு டிஸ்டில்டு வாட்டரும் அதற்கான மருந்தும்தான்.

வேகம்லாம் வேண்டாம், சூடு குறைஞ்சாப் போதும். அதுக்கு வழி உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால் நம் ஊருக்கு இதுதான் சரி. ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்று வோல்டேஜைக் குறைக்கிற அமைப்பு பயாஸில் இருக்கும், அதை மைனஸ் 10இல் தொடங்குங்கள். ஒவ்வொரு எண்ணும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்கும். வோல்டேஜ் வர்க்கக் கணக்கு இங்கே நம் பக்கம் வேலை செய்யும். சூடு குறைவதால் ப்ராசசர் தானாகவே கொஞ்சம் கூடுதல் வேகத்தில் நிற்கும். சோதனை மட்டும், மேலே ‘படம் பாக்கும்போது ஹேங்’ கேள்வியில் சொன்னபடி, சும்மா இருக்கும்போதும் பார்க்க வேண்டும்.

கடைசியா ஒண்ணு அண்ணாச்சி, ஒங்க மெஷின்ல என்ன போட்டிருக்கீங்க?

வீட்டில் ரைசன் 5 5600, மைனஸ் 15, வேறு எதுவும் இல்லை. கடையில் பில் போடுகிற பழைய 2600கேயில்தான் என் ஆசை எல்லாம். பயாஸில் இரண்டு அமைப்பைச் சேமித்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பெயர் ‘பிசானம்’ (எங்கள் பக்கத்து மழைக்கால நெல் போகம்), 4.4. இன்னொன்று ‘கோடை’, 4.1. பங்குனி கடைசியில் ஒரு தடவை மாற்றுவேன், ஐப்பசி மழை விழுந்ததும் திருப்பி மாற்றுவேன். இந்த வருஷம் மாற்ற மறந்து, சித்திரை மூன்றாம் தேதி மத்தியானம் பாதி பில்லில் மெஷின் நின்றுவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.